ஏரியைக் காட்டிக் காசு வாங்கினார்கள்

ஏரிக்கரையில் அமைந்த பொது கோல்ஃப் மைதானம் எதிலாவது ஆட முன்பதிவு செய்யப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த மைதானத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே வித்தையைக் காட்டும் இன்னொன்றில் போய் விழுவீர்கள்.

என்னை வீழ்த்தியது ஒரு புகைப்படம். பதினேழாவது குழி, பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. முதல் அடி அடிக்கும் டீ மேடைக்கும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லான கிரீனுக்கும் நடுவே முழுக்க ஏரி. தண்ணீரில் மேகங்கள் தலைகீழாக நின்றன. அக்கரையில் ஒரு பச்சைத் திட்டு, அதன் நடுவில் சிவப்புக் கொடி. முதல் அடியே தண்ணீரைத் தாண்ட வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் பந்து மீன்களுக்கு. உறுப்பினராக வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடலாம். நான் வழக்கமாக ஆடும் இடத்தைவிட இரண்டரை மடங்கு கட்டணம். ஏரிக்குத்தானே கொடுக்கிறோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, நான்கு பேருக்கும் சேர்த்து என் அட்டையிலேயே கட்டினேன்.

நான், என் மைத்துனன், அலுவலக நண்பர்கள் இருவர். மைத்துனன் ஆட்டத்துக்குப் புதியவன். ஏரிக்குக் காணிக்கை செலுத்துவதற்கென்றே ஒரு டஜன் பழைய பந்துகளை வாங்கித் தனிப்பையில் போட்டு வைத்திருந்தான். நான் என் பங்குக்கு ஒரு வாரம் அவனுக்கு, பந்து தண்ணீரில் போனால் என்ன செய்வது என்று சொல்லும் கோல்ஃப் விதி 17ஐப் பாடம் நடத்தினேன். தண்ணீருக்கு ஓரமாக மஞ்சள் கம்பு நட்டிருந்தால் என்ன செய்யலாம், சிவப்புக் கம்பானால் கூடுதலாக என்ன சலுகை, பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் பந்தை எப்படிக் கையிலிருந்து கீழே விடுவது, அதற்கு ஓர் அடி தண்டனை, 2019இல் விதிகளைத் திருத்தியதிலிருந்து தோள் உயரத்திலிருந்து விடக் கூடாது, முழங்கால் உயரத்திலிருந்துதான் விட வேண்டும், இப்படி ஒவ்வொன்றாக. என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு தயாராகவில்லை.

போய் இறங்கியதும் ஏரி தெரிந்தது. அதில் பொய் இல்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் படத்தில் கண்டதைவிட அழகு. அன்று முழுவதும் ஏரியை நாங்கள் நிம்மதியாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பலகை: ‘இங்கே கேடிகள் கிடையாது.’ மட்டைப் பையைத் தூக்கிவரும் ஆள்களைச் சொல்கிறார்கள். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருளில் இருந்தார்களா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கேடி இல்லாததால் மின்வண்டி கட்டாயம். அதன் வாடகையை முன்பதிவின்போதே பிடித்துவிட்டார்கள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: “தரை ஈரமாக இருக்கிறது சார், இன்று வண்டி பாதையை விட்டு இறங்கக் கூடாது.” அதாவது பந்து புல்வெளியின் அந்த ஓரத்தில் கிடந்தால் வண்டியைப் பாதையில் நிறுத்திவிட்டு, எது தேவைப்படும் என்று ஊகித்து மூன்று நான்கு மட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஊகம் தப்பினால் திரும்பி வர வேண்டும். ஈரத்தில் வண்டியை இறக்கினால் புல் நாசமாகும் என்பது எனக்கும் தெரியும், அதைக் குறை சொல்லவில்லை. நடக்கத்தான் வேண்டும் என்றால் வண்டிக் காசில் கொஞ்சமாவது திருப்பித் தரலாமே என்று கேட்டேன். சிரித்தாள்.

எங்கள் நேரம் 12.40. தொடங்கியது 1.05க்கு. முன்னால் மூன்று குழுக்கள் முதல் டீயிலேயே நின்றிருந்தன. நேர அட்டவணையை எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: ஏழு நிமிடத்துக்கு ஒரு குழு. பத்து நிமிட இடைவெளி விட்டால் மணிக்கு ஆறு குழு. ஏழு நிமிடமானால் எட்டோ ஒன்பதோ. நான்கு பேர் ஒரு பார் 3 குழியை ஆடி முடித்து கிரீனை விட்டு இறங்கவே பத்து நிமிடம் பிடிக்கும். அங்கே போய் எல்லோரும் தேங்கி நிற்பார்கள் என்பது கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியாதா? நான்கு பேர் பதினெட்டு குழியை ஆட நான்கு, நாலரை மணி நேரம் போதும். எங்களுக்கு ஐந்து மணி நாற்பது நிமிடம் ஆயிற்று.

ஆனால் நெஞ்சு கொதித்தது முதல் கிரீனில்.

தொலைவிலிருந்து பார்த்தால் பச்சை. ஏறி நின்றால் சாம்பல் நிறம். காலடியில் நறநறவென்று மணல். குனிந்து பார்த்தேன்: இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, சுண்டுவிரல் நுழையும் அளவில் வரிசை வரிசையாகத் துளைகள், இடியாப்ப அச்சைப் போல. அவற்றில் பாதி மணலால் நிறைந்திருந்தன, மீதி வாயைத் திறந்தபடி கிடந்தன. குழி எட்டடித் தூரத்தில். கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரால் மெல்லத் தட்டினேன். பந்து உருளவில்லை, துள்ளியது. டொக், டொக், டொக் என்று துளைக்குத் துளை தலையாட்டிக்கொண்டே போய், பாதி வழியில் இடப்பக்கம் திரும்பி, ஒரு துளையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. எடுத்துப் பார்த்தால் உருண்டை முழுக்க மணல், சர்க்கரையில் புரட்டிய மிட்டாய் மாதிரி. “அத்தான், கோல்ஃப் கிரீன் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றீர்களே” என்றான் மைத்துனன். என்ன பதில் சொல்வது?

ஓரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் கொட்டிக் கிடந்த மண் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். “முந்தாநாள்தான் துளை போட்டோம். உங்களிடம் சொல்லவில்லையா?” என்று நிஜமான வியப்போடு திருப்பிக் கேட்டார். அந்த மைதானத்தில் அன்று எங்களிடம் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மிதித்து கிரீனின் மண் இறுகிவிடும். தண்ணீரும் காற்றும் வேருக்கு இறங்காது. அதனால் உள்ளீடற்ற இரும்புக் குழல்களால் துளையிட்டு, மண்ணைச் சிறு சிறு உருளைகளாக வெளியே எடுத்து, மேலே மணலைப் பரப்பித் தேய்ப்பார்கள். இதை ஏரேஷன் என்பார்கள். ஏரி பார்க்கப் போன எனக்குக் கிடைத்தது ஏரேஷன். செய்யாமல் விட்டால் புல்லே செத்துவிடும், ஆகவே செய்ததில் குற்றமில்லை. ஆனால் துளைகள் மூடி, பந்து மறுபடி ஒழுங்காக உருள இரண்டு வாரமாவது ஆகும். தட்பவெப்பம் கைகொடுக்காவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். இது திடீரென்று வரும் மழை அல்ல. இயந்திரம், ஆள், வண்டி வண்டியாக மணல் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துதான் இந்த வேலையைத் தொடங்குவார்கள். நான் பணம் கட்டிய அன்றைக்கே இந்தத் தேதி அவர்கள் நாட்காட்டியில் இருந்திருக்கும். நேர்மையான மைதானங்கள் அந்த நாள்களில் முன்பதிவுப் பக்கத்திலேயே அறிவிப்புப் போட்டுக் கட்டணத்தையும் குறைத்துவிடுகின்றன. இவர்கள் வாயைத் திறக்கவில்லை, முழுக் கட்டணத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். என் கோபம் துளைகள் மேல் அல்ல, அந்த மௌனத்தின் மேல்.

நடுவில் உள்ள குழிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நின்றோம், அடித்தோம், நின்றோம். பத்தாவதில் ஒரு வாத்துக் கூட்டம் ஃபேர்வே என்கிற நடுப் புல்வெளி முழுவதும் தன் வேலையைக் காட்டியிருந்தது. விலங்கின் கழிவு விதிப்படி ‘தளர்ந்த தடை’. தண்டனையின்றி அப்புறப்படுத்தலாம் என்று விளக்கினேன். எதைக் கொண்டு என்று கேட்டான் மைத்துனன்.

பதினேழாவது குழிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. படத்தில் கண்ட டீ மேடை அங்கேதான் இருந்தது, குறுக்கே கயிறு கட்டி. அக்கரை கிரீனில் கொடி இல்லை. ஏதோ வடிகால் வேலையாம். அதற்குப் பதிலாக ஏரிக்கு முதுகைக் காட்டியபடி, நிலப்பக்கமாக, புல்லைக் கொஞ்சம் ஒட்ட வெட்டி ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். தற்காலிக கிரீன். அடிக்கும் இடத்திலிருந்து 90 கஜம் இருக்கும். நடுவில் ஒரு குழி. 108 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய குழி வாளி அளவுக்கு இருந்தது.

கயிற்றைத் தாண்டி ஒரே ஒரு பந்தையாவது தண்ணீருக்கு மேல் அடித்துப் பார்க்கலாம் என்று மட்டையை எடுத்தேன். மேற்பார்வையாளர் வண்டியில் விரைந்து வந்து தடுத்தார். தற்காலிக கிரீன் வைத்துவிட்டால் பழைய கிரீன் விதிப்படி ‘தவறான கிரீன்’. பந்து அங்கே போய் நின்றாலும் அதன் மேலிருந்து ஆட முடியாது, வெளியே எடுத்து வைத்துத்தான் ஆட வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்தினார். சரியாகத்தான் சொன்னார். விதிப் புத்தகத்தை இவ்வளவு கரைத்துக் குடித்தவர்களுக்கு, முன்பதிவுப் பக்கத்தில் ‘17ஆம் குழி மூடப்பட்டுள்ளது’ என்று மூன்று சொல் எழுதத் தெரியவில்லை.

பதினெட்டாவதைக் கைபேசி விளக்கில் ஆடினோம். அன்று எங்களில் யாருடைய பந்தும் தண்ணீரில் விழவில்லை. கோல்ஃப் ஆடுகிற ஒருவன் இதைப் புகாராக எழுதுவான் என்று நான் நினைத்ததே இல்லை.

திரும்பி வந்து மேசையில் கேட்டேன். முன்பதிவு வேறு நிறுவனம் மூலம் வந்தது, அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். மைதானத்தின் நிலைக்கு மைதானமே பொறுப்பு, அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே வரியை எடுத்துக் காட்டினார்கள்: ‘ஆடுகளத்தின் நிலை முன்னறிவிப்பின்றி மாறக்கூடும்.’ அந்த எழுத்தைப் படிக்கப் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டியிருந்தது.

ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்திருந்தேன். முதல் கிரீனிலேயே துளைகளை, மணல் ஒட்டிய பந்தை, பதினேழாவதில் கட்டிய கயிற்றை நேரம் பதிவாகும்படி படம் எடுத்து வைத்திருந்தேன். பதினேழாவது குழியின் படத்தோடு ‘18 குழிகள்’ என்று விளம்பரம் செய்த பக்கத்தையும் அன்றிரவே சேமித்தேன். இவை எல்லாவற்றையும் இணைத்து, வாங்கிய சேவை சொன்னபடி இல்லை என்று வங்கியில் முறையிட்டேன். ஐந்து வாரம் கழித்துப் பாதிப் பணம் திரும்பியது. நண்பர் அங்கேயே ரொக்கமாகக் கட்டியிருந்த மட்டை வாடகை போனது போனதுதான்.

இப்போது எங்கே போவதானாலும் முன்பதிவுப் பக்கத்தை நம்புவதில்லை. மைதானத்துக்கே நேரடியாகத் தொலைபேசியில் பேசுகிறேன். ‘கிரீன் எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள், ‘அருமையாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். ‘கடைசியாக எந்தத் தேதியில் துளை போட்டீர்கள், அடுத்தது எப்போது’ என்று கேளுங்கள். தேதி கேட்டால் மழுப்புவது கடினம். எத்தனை குழிகள் தற்காலிக கிரீனில் ஓடுகின்றன, எவை என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். குழுக்களுக்கு நடுவே எத்தனை நிமிடம், வண்டி பாதையை விட்டு இறங்காத நாளில் வாடகை என்ன ஆகும், இருட்டோ மழையோ இடியோ ஆட்டத்தை நிறுத்தினால் மீதிக் குழிகளுக்கு வேறொரு நாள் சீட்டுத் தருவார்களா என்பதையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில். அங்கே ஆடியவர்களின் கருத்துகளைப் பார்ப்பதானால் நட்சத்திரங்களை விட்டுவிட்டுக் கடந்த பத்து நாளில் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள்.

போன வாரம் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். ‘மீண்டும் வாருங்கள், உங்களுக்காகத் தள்ளுபடி’ என்று எழுதி, மேலே அதே பதினேழாவது குழியின் படம். மைத்துனனுக்கு அனுப்பி வைத்தேன். பந்துகள் பன்னிரண்டும் தயாராக இருக்கின்றன, கயிற்றை அவிழ்த்துவிட்டார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள் அத்தான் என்று பதில் போட்டிருக்கிறான்.