நிஃப்டா, கோயம்புத்தூரா, லண்டனா: ஃபேஷன் டிசைன் கூட மார்க்கெட்டிங்கும் படிக்கணும்னா எங்க போறது?

நான் எந்தக் கட்சினு முதல்லயே சொல்லிடறேன், நடுநிலையா இருக்கும்னு நம்பிப் படிச்சுட்டு கடைசியில திட்டாதீங்க. டிசைனும் வேணும், மார்க்கெட்டிங்கும் வேணும்னு கேக்கற பசங்களுக்கு என் பதில், துணியை மொதல்ல படிங்க, விக்கறதை ரெண்டாவதா படிங்க. திருப்பூர்ல மெர்ச்சன்டைசிங் வேலை எனக்கு (பையர்கிட்ட, அதாவது ஆர்டர் குடுக்கற கம்பெனிகிட்ட, பேசி ஆர்டரை முடிச்சு அனுப்பற வேலை), ஃப்ரெஷர்ஸ் இன்டர்வியூன்னா டேபிளுக்கு இந்தப் பக்கம் உக்காரற ஆளு, அந்தக் கண்ணாலதான் எழுதறேன். சென்னையில ஸ்டைலிங் பண்றவங்களோ சொந்தமா பொட்டிக் வச்சிருக்கறவங்களோ வேற மாதிரி சொல்லுவாங்க, அதுவும் தப்பில்ல.

ஏன் துணி மொதல்லங்கறேன்னா, ஒரு சாதா ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டை எடுத்துக்குவோம். 180 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா டி-ஷர்ட் பின்னல் துணி, வேஸ்டேஜ் எல்லாம் சேத்து பீஸுக்கு 190 கிராம் துணி போகுதுன்னு வைங்க, சாயம் போட்டு காம்பேக்டிங் (துணி பின்னாடி சுருங்காம இருக்க அமுக்கறது) முடிஞ்சு வர்ற துணி கிலோ 450 ரூபான்னு வைங்க, துணிக்கே எண்பத்தஞ்சரை ரூபா ஆச்சு. அதுக்கு மேல கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு ஒரு 35, பிரிண்ட் 15, லேபிள் டேக் பாலிபேக் 8, அப்புறம் ஆபீஸ் செலவு, ரிஜெக்‌ஷன், நம்ம லாபம்னு போட்டா 170 பக்கம் வந்து நிக்கும். இப்ப டிசைனர் பொண்ணு வந்து தோள்பட்டையில ஒரு கான்ட்ராஸ்ட் பேனல் வச்சா சூப்பரா இருக்கும்ங்குது. இருக்கும்தான். ஆனா துணி 10 கிராம் ஏறும், அது நாலரை ரூபா, ரெண்டு தையல் கூடும், அது ஒரு ரெண்டரை ரூபா, ஆக 7 ரூபா. 50,000 பீஸ் ஆர்டர்ல மூன்றரை லட்சம். பையர் அதைக் குடுப்பாரா, குடுக்கலைன்னா பேனலைத் தூக்கிட்டு அதே லுக்கை பிரிண்ட்ல கொண்டு வந்துடலாமா, இல்ல நெக் ரிப்ல, அதாவது கழுத்துப் பட்டியில, கலரை மாத்தி சமாளிக்கலாமா, இந்தப் பேச்சைப் பேசத் தெரிஞ்சவங்கதான் இந்த ஊர்ல மார்க்கெட்டிங் ஆளு. போஸ்ட்டர் டிசைன் பண்றதும் ரீல்ஸ் போடறதும் மார்க்கெட்டிங்தான், இல்லைங்கல, ஆனா எக்ஸ்போர்ட்ல மார்க்கெட்டிங்னா பாதிக்கு மேல காஸ்டிங், இந்த மாதிரி விலைக் கணக்கு.

சரி, காலேஜுக்கு வருவோம்.

நிஃப்ட், அதாவது நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபேஷன் டெக்னாலஜி. 1986ல டெல்லியில ஆரம்பிச்சது, மத்திய ஜவுளி அமைச்சகத்துக்குக் கீழ வருது, 2006ல இதுக்குன்னு தனிச் சட்டமே போட்டாங்க, அதனால டிகிரியும் அவங்களே குடுக்கறாங்க. சென்னை கேம்பஸ் தரமணியில 1995ல இருந்து இருக்கு. நாலு வருஷ பி.டிஸ் (பேச்சிலர் ஆஃப் டிசைன்), உள்ள போக எக்ஸாம் மூணு அடுக்கு. வரையறதுக்கும் யோசிக்கறதுக்கும் ஒண்ணு, அதுக்குத்தான் பாதி வெயிட்டேஜ், இங்கிலீஷ், கணக்கு, ஜி.கே மாதிரி ஒண்ணு 30 சதவீதம், இதுல தேறினவங்களைக் கூப்பிட்டு கம்பி, கலர் பேப்பர், நூல்னு கையில ஏதாச்சும் குடுத்து குடுத்த நேரத்துல ஒரு மாடல் செய்யச் சொல்லுவாங்க, அது சிச்சுவேஷன் டெஸ்ட், 20 சதவீதம். 2024ல இருந்து என்.டி.ஏதான் (நேஷனல் டெஸ்டிங் ஏஜென்சி) நடத்துது. வரையத் தெரிஞ்சா போதும்னு நினைக்கறாங்க நிறைய பேர், போதாது, குடுத்த தலைப்புக்கு ஐடியா வேணும், அதை அழகா இல்லாட்டியும் தெளிவா காட்டத் தெரியணும்.

நிஃப்ட் பசங்ககிட்ட எனக்குப் புடிச்சது என்னன்னா தைரியம். நாலு ஊர்ப் பசங்களோட பழகி, அடிக்கடி ஜூரி முன்னாடி, அதாவது வேலையைப் பாத்து மார்க் போடற குழு முன்னாடி, நின்னு திட்டு வாங்கி வந்திருப்பாங்க, பையர் முன்னாடி நிறுத்தினா வாய் குழறாது. கிராஃப்ட் கிளஸ்டர்னு நெசவாளருங்க இருக்கற ஊருக்கே கூட்டிட்டுப் போய் வேலை பாக்க வைக்கறாங்க, அது நல்ல விஷயம். ஸ்கெட்ச் புக்கைப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா ஃபேஷன் டிசைன்லயே போனவங்ககிட்ட அந்த டி-ஷர்ட் கணக்கைக் கேட்டா பல பேர் முழிக்கறாங்க. அவங்க மேல குத்தம் சொல்ல முடியாது, படிப்பே அந்தப் பக்கம் திரும்பி இருக்கு, கடைசி வருஷ கலெக்‌ஷன் ரேம்ப்புக்குப் போகணும், 50,000 பீஸ் ஓடற லைனுக்கு இல்ல. வேற டிபார்ட்மென்ட் பாடத்தை மைனரா எடுக்கற வசதி இருக்கு, மார்க்கெட்டிங் ஆசை இருந்தா மேனேஜ்மென்ட் பக்கம் எடுக்கக் கிடைக்குதான்னு பாத்து எடுத்துக்கங்க.

இங்க ஒண்ணு சொல்லணும், இதுக்காகவே இந்தப் பதிவை எழுதலாம்னு தோணுச்சு. கவுன்சிலிங்ல எல்லாரும் ஃபேஷன் டிசைன், ஃபேஷன் டிசைன்னு அடிச்சுக்கறாங்க, பக்கத்துலயே நிட்வேர் (பின்னலாடை) டிசைன் இருக்கு, லெதர் டிசைன் இருக்கு, ரெண்டும் சென்னையில இருக்கு, அதை யாரும் திரும்பிப் பாக்கறது இல்ல. தமிழ்நாட்டுல உக்காந்துக்கிட்டு நிட்வேரை ரெண்டாந்தரமா நினைக்கறது எனக்குப் புரியவே இல்ல. வருஷத்துக்கு 30 ஆயிரம் கோடி ரூபாக்கு மேல பின்னலாடை ஏத்துமதி பண்ற திருப்பூர், சென்னையில ராத்திரி பஸ் ஏறினா காலையில வந்துடும். லெதர்னா ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. ஃபேஷன் டிசைன் சீட்டு கிடைக்கலன்னு அழுதுட்டு ஒரு வருஷம் வீணாக்கறதுக்கு நிட்வேரை எடுங்க, வேலைக்கு அது கிட்டத்துல இருக்கு. கணக்கு படிச்சவங்களா இருந்தா பி.எஃப்டெக்னு (பேச்சிலர் ஆஃப் ஃபேஷன் டெக்னாலஜி) ஒண்ணு இருக்கு, அப்பேரல் ப்ரொடக்‌ஷன், அதுக்கு டிராயிங் டெஸ்ட்டே கிடையாது.

காசு? செமஸ்டருக்கு ஒன்றரை லட்சத்தைச் சுத்தி வரும், ஹாஸ்டல், லேப்டாப், மெட்டீரியல் தனி. மெட்டீரியல் செலவை யாரும் சொல்ல மாட்டாங்க, துணி, பேப்பர், பிரிண்ட் அவுட், மாடல் செய்யறதுன்னு மாசாமாசம் கையைக் கடிக்கும். மொத்தமா 12 லட்சத்துக்கு மேலயே வச்சுக்கங்க.

இப்ப நம்ம ஊர்ப் பக்கம். பாரதியார் யுனிவர்சிட்டிக்குக் கீழ இருக்கற காலேஜ்ல பி.எஸ்ஸி காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன், சி.டி.எஃப்னு சொல்லுவாங்க. மூணு வருஷம், பெரும்பாலான காலேஜ்ல வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குள்ள முடிஞ்சுடும். இதை மட்டமா பேசறவங்க ஜாஸ்தி, "அது தையல் கிளாஸ் தானே"ன்னு ஒரு இளக்காரம். ஆமா, தையல்தான், அதுல என்ன கேவலம்? மொத வருஷமே சீம், டார்ட், பிளீட், காலர்னு ஒவ்வொண்ணா தச்சு ரெக்கார்ட் நோட்டுல ஒட்டணும், பேட்டர்ன் டிராஃப்டிங் (துணி வெட்டறதுக்கான அளவு வரைபடம்) கையால போடணும், ஃபைபர், நூல், நிட்டிங், டையிங் எல்லாம் பேப்பரா வரும். திருப்பூர், கோயம்புத்தூர்ல படிக்கறவங்களுக்கு இன்னொரு லாபம், டையிங் யூனிட்டும் நிட்டிங் யூனிட்டும் பஸ் தூரத்துல. லீவுல போய் ஒரு பனியன் கம்பெனியில சாம்பிள் செக்‌ஷன்ல நின்னா போதும், பேட்டர்ன் மாஸ்டரும் டெய்லரும் பேசிக்கறதைக் கேட்டாலே ஒரு செமஸ்டர் பாடம். ஓவர்லாக் தையல் எது, ஃப்ளாட்லாக் தையல் எதுன்னு துணியைத் திருப்பிப் பாத்துச் சொல்ற பொண்ணை நான் உடனே எடுத்துப்பேன்.

குறையும் இருக்கு, பூசி மெழுக வேண்டாம். போர்ட்ஃபோலியோன்னு ஒண்ணு ஒழுங்கா இருக்காது, எல்லார் ஃபைலும் ஒரே ஜெராக்ஸ் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் போடற சாஃப்ட்வேர் சில காலேஜ்ல பேருக்குத்தான் இருக்கும், பசங்க கை வச்சிருக்க மாட்டாங்க. எல்லாத்தையும் விட இங்கிலீஷ் மெயில். லேப் டிப் (சாயக் கலர் சாம்பிள்) அப்ரூவல் ரெண்டு நாள் லேட்டாகும்னு பையருக்கு நாலு வரி எழுதச் சொன்னா கை நடுங்குது, தெரியாம இல்ல, பழக்கம் இல்ல. இதெல்லாம் மூணு வருஷத்துல தானா சரி பண்ணிக்கற விஷயம்தான், காலேஜ் பண்ணித் தரும்னு காத்திருந்தா நடக்காது.

இன்னொரு குழப்பம் வருஷா வருஷம் நடக்குது. திருப்பூர் முதலிபாளையத்துல நிஃப்ட்-டீ காலேஜ்னு ஒண்ணு இருக்கு. டீன்னா திருப்பூர் எக்ஸ்போர்ட்டர்ஸ் அசோசியேஷன், ஏத்துமதியாளருங்க சேந்து ஆரம்பிச்ச காலேஜ், பாரதியார் யுனிவர்சிட்டி அஃபிலியேஷன். தரமணி நிஃப்ட் வேற, இது வேற, நிஃப்ட் எக்ஸாம் இதுக்கு வேண்டாம். பேரைப் பாத்து ஏமாந்துட்டோம்னும் நினைக்காதீங்க, நிட்வேர் வேலைக்குன்னே படிக்கணும்னா தொழிலுக்கு நடுவுலயே இருக்கற எடம்.

டிசைனும் வியாபாரமும் ஒரே சர்டிஃபிகேட்ல வேணும்னு பிடிவாதமா இருந்தா, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி டெக்ல அஞ்சு வருஷ எம்.எஸ்ஸி ஃபேஷன் டிசைன் அண்ட் மெர்ச்சன்டைசிங் இருக்கு, பி.ஜியோடவே வெளிய வரலாம். அஞ்சு வருஷம் ஒரே எடத்துல பொறுமையா இருக்கணும், அவ்வளவுதான். குமரகுரு மாதிரி காலேஜ்ல பி.டெக் ஃபேஷன் டெக்னாலஜி, அது இன்ஜினியரிங் கவுன்சிலிங் வழி, மில், ப்ரொடக்‌ஷன், குவாலிட்டின்னு போறவங்களுக்கு.

அப்புறம் இந்த ஏசி பில்டிங், கண்ணாடிக் கதவு, ஃபாரின் டை-அப் வச்ச பிரைவேட் இன்ஸ்டிட்யூட்டுங்க. "ஃபேஷன் டிசைன் அண்ட் மார்க்கெட்டிங்"னு அப்படியே பேரு போட்டு விக்கறது பெரும்பாலும் இவங்கதான். எல்லாத்தையும் குப்பைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி டிகிரி எந்த யுனிவர்சிட்டி பேர்ல வருது, அதுக்கு யு.ஜி.சி அங்கீகாரம் இருக்கா, இல்ல வெறும் டிப்ளமோவான்னு எழுத்துல வாங்குங்க. வெறும் டிப்ளமோன்னா பின்னாடி பி.ஜி சேரறப்போ முட்டிக்கிட்டு நிக்கணும்.

லண்டன். இங்கதான் இந்தக் கலவை ரொம்ப நாளா ஒழுங்கா நடக்குது, அதை ஒத்துக்கணும். கிங்ஸ் கிராஸ்ல இருக்கற சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ்ல பி.ஏ ஃபேஷன்ல மென்ஸ்வேர், வுமன்ஸ்வேர், பிரிண்ட், நிட், அப்புறம் ஃபேஷன் டிசைன் வித் மார்க்கெட்டிங்னு தனித்தனி பாதை. துணி வெட்டறதும் யாருக்கு விக்கறோம்னு யோசிக்கறதும் சேந்தே போகும். பிரமாதம்தான், ஆனா வெளிநாட்டுப் பசங்களுக்கு ஃபீஸ் மட்டும் வருஷத்துக்கு 25 ஆயிரம் பவுண்டுக்கு மேல, அதுக்கு முன்னாடி பெரும்பாலும் ஒரு ஃபவுண்டேஷன் வருஷம், லண்டன் வாடகை, எல்லாம் போட்டா கோடியைத் தாண்டிடும். படிச்சு முடிச்சு அங்க இருந்து வேலை தேடற கிராஜுவேட் விசா ரெண்டு வருஷமா இருந்ததை 2027 ஜனவரியில இருந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசமா குறைக்கறாங்க. லோன் போட்டுப் போறவங்களுக்கு அந்த ஆறு மாசம் பெருசு. வசதி இருக்கறவங்க போங்க, இல்லனா இங்க டிகிரி, ரெண்டு வருஷம் வேலை, அப்புறம் அங்க ஒரு வருஷ மாஸ்டர்ஸ்னு போனா செலவும் குறையும், என்ன படிக்கணும்னு தெளிவாவும் இருக்கும்.

பி.எஸ்ஸி முடிச்சு மார்க்கெட்டிங் பக்கம் போறவங்களுக்கு எம்.எஃப்.எம்மா, எம்.பி.ஏவா? எம்.எஃப்.எம்னா நிஃப்ட்ல ரெண்டு வருஷ மாஸ்டர் ஆஃப் ஃபேஷன் மேனேஜ்மென்ட், எந்த டிகிரி படிச்சவங்களும் எழுதலாம், வரைய வேண்டியதில்ல, எழுத்துத் தேர்வும் இன்டர்வியூவும்தான். மெர்ச்சன்டைசிங், ரீட்டெயில், விஷுவல் மெர்ச்சன்டைசிங் (கடையில துணியை அழகா அடுக்கிக் காட்டறது), கஸ்டமர் எப்படி வாங்கறாங்க, எல்லாம் துணியை மையமா வச்சே போகும். பெங்களூர்ல மிந்த்ரா, லைஃப்ஸ்டைல் மாதிரி எடத்துல பையிங், பிளானிங் வேலைக்கு இது நேர் வழி. ஃபேஷனை விட்டுட்டு சோப்பு, பிஸ்கட், பேங்க்னு எங்க வேணாலும் போவேன்னா எம்.பி.ஏ. சி.டி.எஃப் முடிச்சு எம்.எஃப்.எம் படிச்ச பசங்கதான் என் கணக்குல முதல் வரிசை, தையலும் தெரியும், கணக்கும் தெரியும், பேசவும் வந்திருக்கும், மொத்தச் செலவும் நாலு வருஷ பி.டிஸ்ஸை விடக் குறைவு. பி.டிஸ் கிடைச்சா வேண்டாம்னு சொல்லல. சொந்த லேபிள், சினிமா காஸ்ட்யூம், ஸ்டைலிங்னு கனவு இருக்கறவங்களுக்கு அந்த நாலு வருஷம் தேவைதான், லோன் இல்லாம கட்ட முடிஞ்சா யோசிக்கவே வேண்டாம்.

சம்பளம் கேப்பீங்க. திருப்பூர்ல பி.எஸ்ஸி முடிச்சு மெர்ச்சன்டைசர் அசிஸ்டென்ட்டா சேந்தா நான் பாத்த வரைக்கும் மாசம் பதினஞ்சுல இருந்து இருபதாயிரம், ஷிப்மென்ட் நேரத்துல வீட்டுக்குப் போற டைமே தெரியாது. நிஃப்ட்காரங்க இதை விட மேல ஆரம்பிப்பாங்க. மூணு நாலு வருஷம் கழிச்சுப் பாத்தா காலேஜ் பேரை யாரும் கேக்கறது இல்ல, எந்த பையரை ஹேண்டில் பண்ணேன்னுதான் கேப்பாங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பி இருந்த கம்பெனி எல்லாம் ஆடிப் போச்சு, அந்த நேரத்துல யூரோப் பையரைப் புடிக்கத் தெரிஞ்சவங்களுக்கும், உள்ளூர் பிராண்டுக்கு மாத்தி விக்கத் தெரிஞ்சவங்களுக்கும் இருந்த மதிப்பே வேற.

ஒரு விஷயம், நிஃப்ட் அப்ளிகேஷன் வருஷக் கடைசியிலயே ஓபன் ஆயிடும், எக்ஸாம் பிப்ரவரி பக்கம் வரும். ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா அந்தக் கதவு மூடிருக்கும். பி.எஸ்ஸி காலேஜ் எல்லாம் மே மாசம் ரிசல்ட்டோடதான், அதனால நிஃப்ட் எழுதிட்டு சி.டி.எஃப்புக்கும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வைங்க, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தடுக்காது. 11வது சேரப் போற பசங்களா இருந்தா குரூப் எடுக்கறப்பவே யோசிங்க, கணக்கு இல்லாம பி.எஃப்டெக்கும் பி.டெக்கும் கிடையாது, பி.டிஸ்ஸுக்கு எந்த குரூப்பா இருந்தாலும் ஓகே.