“டியூனிங்” என்று 3000 ரூபாய் வாங்கினார்கள்: அசெம்பிள்டு சிஸ்டம் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

திருப்பூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 2023 மே மாதம் இன்டெல் ஐ7-13700கே புராசசர் போட்டுப் புது சிஸ்டம் அசெம்பிள் பண்ணினேன். கடை பேர் சொல்லப்போவதில்லை. கடை எதுவானாலும் இது நடக்கும், நடக்கிறது.

பில் போடும்போது ஓனர், “பெர்பாமன்ஸ் டியூனிங் மூவாயிரம்ங்ணா, சும்மா பறக்கும்” என்றார். கொடுத்தேன். ஃபேன்தான் பறந்தது. ரெண்டர் (எடிட் பண்ணினதை முழு வீடியோ ஃபைலாக மாற்றுவது) போட்ட ஒரு நிமிடத்தில் புராசசர் சூடு 100 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும். பக்கத்து நிட்டிங் யூனிட் சத்தமே தேவலாம் என்று வீட்டில் சொன்னார்கள். கேட்டதற்கு, “ஐ7 அப்படித்தானுங்க இருக்கும்” என்று பதில்.

2024 பிப்ரவரியில் வேறு தொல்லை ஆரம்பித்தது. எடிட்டிங் சாஃப்ட்வேர் திடீர் திடீரென்று மூடிக்கொள்ளும். ஜிப் ஃபைலைப் பிரித்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று வரும். அதே ஃபைல் மச்சான் லேப்டாப்பில் ஒழுங்காகத் திறக்கும். மகன் கேம் ஆடினால் வீடியோ மெமரி போதவில்லை என்று எரர். கடையில் முதலில் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள். பிறகு ரேம் என்று சொல்லிப் புது ரேம் மாட்டினார்கள், 6800 ரூபாய். நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. ஏப்ரலில் சிஸ்டத்தை ஒரு நாள் வைத்திருந்து, “சரி பண்ணிட்டோம்ங்ணா” என்று கொடுத்தார்கள். சர்வீஸ் 1500. என்ன பண்ணினார்கள் என்று பில்லில் ஒரு வார்த்தை இல்லை.

க்ராஷ் நின்றது உண்மை. ஆனால் 40 நிமிடத்தில் முடிந்த ரெண்டர் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. வைகாசி முகூர்த்த சீசன், மூன்று ஆல்பம் பாக்கி; நின்று யோசிக்க நேரமில்லை. ஆடியில் வேலை குறைந்த பிறகுதான் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ரெண்டர் ஓட்டினேன். வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே இல்லை. 5.4 வரை போகக்கூடிய புராசசர் அது. 3.4 என்பது அதன் அடிப்படை வேகம். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டு செட்டிங்குக்குள், போய்ப் பார்த்தால் டர்போ பூஸ்ட் ஆஃப். அடிப்படை வேகத்துக்கு மேல் புராசசரை ஓடவிடும் வசதி அது. பழுதுபார்க்கவில்லை, காய்ச்சல்காரனை எழுந்திருக்க விடாமல் கட்டிலில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

அதே பயாஸில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்தப் புராசசருக்கு பவர் வரம்பு இரண்டு: தொடர்ந்து இழுக்கக்கூடியது பிஎல்1, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கூடுதலாக இழுக்கக்கூடியது பிஎல்2. இன்டெல் சொல்லும் கணக்கு 125 வாட், 253 வாட். என் சிஸ்டத்தில் இரண்டிலுமே 4096. வீட்டில் இரண்டு ஏசி ஓடினாலும் அவ்வளவு இழுக்காது. புராசசரும் நிஜத்தில் அவ்வளவு இழுக்காதுதான். வரம்பே வேண்டாம் என்பதற்குப் போடும் எண் அது. அது எப்படி வந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். என்ன கூலர் மாட்டியிருக்கிறாய் என்று என் மதர்போர்டே பயாஸில் கேட்கிறது. “வாட்டர் கூலர்” என்று தட்டினால் 4096. என்னிடம் இருப்பது ஒற்றை ஃபேன் டவர் கூலர். அந்த ஒரு தட்டுக்குத்தான் மூவாயிரம்.

எல்லாப் பழியையும் கடைமேல் போடவும் முடியாது. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்கள் சிலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சிப் நாளடைவில் கெடுகிறது என்று 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட்டில் 0x129 என்ற மைக்ரோகோட் (புராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வந்தது. பயாஸ் அப்டேட் வழியாகத்தான் போட வேண்டும். ஏற்கெனவே கெட்ட சிப்பை அது சரிசெய்யாது. வாரண்டியை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டினார்கள். இந்தத் தலைமுறைச் சிப் வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட்டை இன்றைக்கே பாருங்கள். இவ்வளவும் ஊரறிந்த பிறகு கடைக்குப் போனேன். ஓனர் அசரவில்லை. “டர்போவை ஆஃப் பண்ணினது உங்க நல்லதுக்குத்தானுங்ணா.” ரேம் காசு? “வித்த பொருள் வித்ததுதானுங்க.”

சிஸ்டம் டெலிவரி எடுக்கும்போது கடையிலேயே டிலீட் கீயை அமுக்கி பயாஸைத் திறக்கச் சொல்லுங்கள். பிஎல்1, பிஎல்2 எண்களை போனில் போட்டோ எடுங்கள். இன்டெல் டீஃபால்ட் என்று ஒரு செட்டிங் இருந்தால் அதுவே போதும். ஏஎம்டி புராசசர் வாங்கினால் பிபிஓ (அதில் பவர் வரம்பைத் தளர்த்தும் செட்டிங்) ஆன் பண்ணியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சூடு தொல்லை கொடுத்தால், பவர் வரம்பைக் குறைக்கும் ஈக்கோ மோடு அதில் இருக்கிறது. டியூனிங் என்று காசு கேட்டால் எந்த எண்ணை எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்கள்.

வாரண்டிக்கு இன்டெல்லுக்கே நேராக எழுதினேன், மூன்று வாரத்தில் மாற்றுப் புராசசர் வந்துவிட்டது. பயாஸை அப்டேட் பண்ணி, 125, 253 என்று வைத்திருக்கிறேன். ரெண்டர் 43 நிமிடம் ஆகிறது. சூடு எண்பதைத் தாண்டுவதில்லை. க்ளெய்முக்குப் பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணைக் கேட்டார்கள். அசெம்பிள் பண்ணின அன்று, “காலிப் பெட்டி எதுக்குங்ணா?” என்று கடைப் பையன் தூக்கிப்போடப் போனான். கூட வந்திருந்த என் மகள் கலர் பென்சில் போட்டுவைக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள்.