பதினொரு கிலோ ஸ்கோப்பை மலையிறக்குவது: பழைய டெஸ்ட் கருவிகள் விற்பனை, நீண்ட நாள் அனுபவம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்), சிக்னல் ஜெனரேட்டர் (சோதனைக்கு வேண்டிய அலையை உண்டாக்குவது), பெரிய பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் விற்க நினைத்தால் முதலில் கேட்பது "என்ன விலை போகும்?" என்றுதான். இந்தக் கருவிகளைப் பல வருடம் வாங்கி, உபயோகித்து, ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களுக்கும் ரிப்பேர் ஆர்வலர்களுக்கும் கைமாற்றியதில் கண்டது, விலை பேச்சு பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மலை ஈரத்தில் கருவி கெடாமல் இருப்பதும், கீழே போய்ச் சேரும்போது உயிரோடு இருப்பதும்தான் நிஜமான வேலை.

விலையை இங்கேயே முடித்துவிடலாம். 1972-இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465 நல்ல ஸ்கோப். 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், டிலேயிட் ஸ்வீப் (அலையின் ஒரு பகுதியை மட்டும் விரித்துப் பார்ப்பது) எல்லாம் உண்டு. எடை சுமார் 11 கிலோ. இந்தக் காலத்து டிஜிட்டல் ஸ்கோப்பான ரிகோல் டிஎஸ்1054இசட் நான்கு சேனலோடு 3 கிலோ சொச்சம்தான். ஆகவே புது இரண்டு சேனல் டிஜிட்டல் ஸ்கோப் விலையில் பாதியைத் தாண்டினால், எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் பழையதை வாங்க ஆள் வருவதில்லை. வேலை செய்யும் இரண்டு 10எக்ஸ் ப்ரோப் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து ஸ்கோப்புக்கு எடுத்துவரும் கம்பி) கூடவே கொடுத்தால் சட்டென்று போகும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான லீனியர் பவர் சப்ளைக்கு எப்போதும் கிராக்கி உண்டு. சிக்னல் ஜெனரேட்டரை ரேடியோ கட்டுபவர்கள் மட்டும்தான் கேட்பார்கள், ஆனால் கேட்பவர் விவரம் தெரிந்தவராக இருப்பார்.

இனி ஈரம். கூடலூர் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் மூடி வைத்த கருவிக்குள் ஸ்விட்ச் கான்டாக்ட் கறுக்கும், திரைக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் ஓட விட்டால் போதும், உள் சூடே ஈரத்தை விரட்டிவிடும். முடியாதவர்கள் இரும்பு பீரோவில் அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்றை எரிய விட்டு வைக்கலாம். துணி மூடி போட்டு வைப்பதுதான் ஆகாது, மழைக்காலத்தில் துணியே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த ஈரம் செய்யும் மிக மோசமான வேலை மெயின்ஸ் ஃபில்டரில் (மின் இணைப்பின் இரைச்சலை வடிகட்டும் பகுதி) தெரியும். எண்பதுகளில் வந்த பல ஐரோப்பிய, அமெரிக்கக் கருவிகளில் மின் இணைப்புக்குக் குறுக்கே தேன் நிறத்தில், கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் கட்டியாக ஒரு காகித மின்தேக்கி இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் ஓடு வறண்ட குளத்து மண் மாதிரி மெல்லிய விரிசல் விட்டிருந்தால், அதன் வழியே ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ஸ்விட்ச் போட்டு ஐந்தாவது நிமிடமோ ஐம்பதாவது நிமிடமோ, அது அறை முழுக்க நாற்றப் புகை கக்கிக்கொண்டு வெடிக்கும். கருவிக்கு வேறு சேதம் அனேகமாக இருக்காது, ஆனால் வாங்க வந்தவர் அதன் பிறகு நிற்கமாட்டார். விற்பதற்கு முன்பே கழற்றிவிட்டு, அதே மதிப்பில் 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை (மின் இணைப்புக்குக் குறுக்கே போடவென்றே தயாரான) பிளாஸ்டிக் ஃபிலிம் மின்தேக்கி போடுங்கள். சாதாரண மின்தேக்கியை அந்த இடத்தில் போடவே கூடாது.

நீண்ட நாள் தூங்கிய கருவியை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். முதலில் பின்பக்க வோல்ட்டேஜ் செலக்டர் 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 115-இல் இருக்கும், மாற்றும்போது ஃப்யூஸும் பாதி மதிப்புக்கு இறங்க வேண்டும். அடுத்து, மூடியைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் சப்ளை ரெயில்களை (உள்ளே போகும் ஒவ்வொரு வோல்ட் பாதையை) கிரவுண்டுக்கு ஓம் பாருங்கள். 465-இல் +110, +55, +15, +5, -8 வோல்ட் என்று ஐந்து ரெயில். ஏதாவது ஒன்று ஓரிரு ஓம் காட்டினால் அனேகமாக அந்த ரெயிலில் ஒரு டான்டலம் மின்தேக்கி ஷார்ட். 15 வோல்ட் ரெயிலுக்கு 25 அல்லது 35 வோல்ட் தாங்குவதாக மாற்றிப் போட்டால் மறுபடி அந்தத் தொல்லை வராது. அதன் பிறகு 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும். ஸ்விட்ச்-மோட் சப்ளை (பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத, எடை குறைந்த வகை) உள்ள கருவியில் இந்தச் சோதனை ஏமாற்றும். பல்பு மினுக் மினுக்கென்று அடிக்கும், அது பழுதுக்கு அடையாளம் ஆகாது. அந்தக் கருவியை டிம்மர்ஸ்டாட்டில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெதுவாக ஏற்றவும் கூடாது, வோல்ட் குறையக் குறைய அது அதிக கரண்ட் இழுக்கும். ஸ்கோப்பைத் திறந்திருக்கும்போது பிக்சர் டியூப் ஆனோட் பக்கம் கை போகக் கூடாது. 465-இல் அங்கே 18,000 வோல்ட் வரை இருக்கும், அணைத்த பிறகும் மிச்சம் நிற்கும்.

நாப் சுற்றும்போது ட்ரேஸ் (திரையில் ஓடும் கோடு) குதித்தால் அட்டென்யூவேட்டர் (சிக்னலைப் படிப்படியாகக் குறைக்கும் பகுதி) கான்டாக்ட் அழுக்கு. ஸ்ப்ரே அடித்துவிடுவது சுலபமாகத் தெரியும், ஆனால் அந்த எண்ணெய் போர்டில் படர்ந்து தூசியைப் பிடித்து ஆறு மாதத்தில் நிலைமையை இன்னும் மோசமாக்கும். கனமான வெள்ளைக் காகிதத்தை மெல்லிய நாடாவாக வெட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, கான்டாக்ட் மூடிய நிலையில் அதன் இடையே நுழைத்து மெல்ல இழுங்கள். நாடாவில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை புதுப் புது நாடா.

எச்பி 8640பி சிக்னல் ஜெனரேட்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மலையில் இருக்கும் ஹாம்களுக்கு இதன் மேல் தனி ஆசை உண்டு. 500 கிலோஹெர்ட்ஸிலிருந்து 512 மெகாஹெர்ட்ஸ் வரை சுத்தமான சிக்னல், எடை 20 கிலோ. ரேஞ்ச் மாற்றும் நாப்புக்குப் பின்னால் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் உண்டு, வயதானால் அச்சைப் பிடிக்கும் இடத்தில் வெடிப்பு விடும். நாப் சுற்றும், ரேஞ்ச் மாறாது. ஒவ்வொரு ரேஞ்சிலும் வைத்து, டிஸ்ப்ளேயில் எண் கூடவே மாறுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, யாராவது டிரான்ஸீவரை இணைத்துத் தெரியாமல் பிடிடி (பேசுவதற்கு அழுத்தும் பொத்தான்) அழுத்தியிருந்தால் அட்டென்யூவேட்டர் எரிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க 50 ஓம் டெர்மினேஷனோடு (கேபிள் முனையில் மாட்டும் ரெசிஸ்டர்) ஸ்கோப்பில் பாருங்கள். +10 டிபிஎம்முக்கு (டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு) உச்சிக்கு உச்சி 2 வோல்ட், 0 டிபிஎம்முக்கு 0.63 வோல்ட், -10-க்கு 0.2 வோல்ட் வர வேண்டும். அதற்குக் கீழே ஸ்கோப் உதவாது. எச்எஃப் (ஷார்ட்வேவ்) ரிசீவரில் -73 டிபிஎம் கொடுத்தால் சிக்னல் அளவு காட்டும் எஸ்-மீட்டர் எஸ்9-இல் நிற்க வேண்டும். இந்த நான்கு அளவையும் எழுதிக் கொடுத்தால் வாங்குபவர் பேரம் பேசுவது பாதியாகக் குறையும்.

"பவர் வருது சார், மத்தது செக் பண்ணல" என்று விற்பவர் சொல்வதை வாங்குபவர்கள் "பழுது" என்றே எடுத்துக்கொள்வார்கள், அதில் தப்பும் இல்லை. ஒரே தொடர்ச்சியான வீடியோ எடுங்கள், வெட்டி ஒட்ட வேண்டாம். குளிர்ந்த நிலையில் ஸ்விட்ச் போடுவதில் தொடங்கி, இரண்டு சேனலிலும் ஸ்கோப்பே தரும் கேலிப்ரேட்டர் சதுர அலை (465-இல் 1 கிலோஹெர்ட்ஸ், 0.3 வோல்ட்), வோல்ட்/டிவிஷன் எல்லாப் படியும், டைம்/டிவிஷன் எல்லாப் படியும், ட்ரிக்கர் பிடிப்பது வரை காட்டுங்கள். இன்டென்சிட்டி நாப் எங்கே இருக்கிறது என்பதும் படத்தில் விழ வேண்டும். சாதாரண 1 மில்லிசெகண்ட் ஸ்வீப்புக்கே நாப் பாதியைத் தாண்ட வேண்டியிருந்தால் டியூப் களைத்துவிட்டது. அதை மறைத்து அனுப்பினால் முதல் நாளே தெரிந்துவிடும், அடுத்த கருவிக்கு அந்த வட்டத்தில் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு சிறு வீடியோ, சூடான பிறகு ட்ரேஸ் நகர்கிறதா என்று காட்ட.

பேக்கிங்தான் அதிகம் சொதப்பும் இடம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இங்கே உப்பிக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பபிள் ராப்புக்கும் அதேதான் நடக்கிறது. கீழே தயாரான குமிழ்கள் இங்கே விறைத்து நிற்கும், நாம் அதைச் சுற்றி இறுக்கமாகப் பெட்டி கட்டுவோம். மேட்டுப்பாளையம் போவதற்குள் வெளிக் காற்றழுத்தம் கால் பங்குக்கு மேல் கூடிவிடும், குமிழ்கள் தளரும், பெட்டிக்குள் ஸ்கோப் ஆட ஆரம்பிக்கும். மேலே குலுக்கிப் பார்த்தபோது ஆடாத பெட்டி கீழே ஆடுவதற்குக் காரணம் இதுதான். பபிள் ராப் கீறல் விழாமல் இருக்க ஒரு சுற்று போதும். எடையைத் தாங்க மெத்தை, சோபா கடையில் கிடைக்கும் ரீபாண்டட் ஃபோம் துண்டுதான் சரி. சாதாரண மஞ்சள் ஸ்பாஞ்ச் 11 கிலோவுக்கு அப்படியே அமுங்கிவிடும், தெர்மோகோல் முதல் விழுகையிலேயே உடையும். ஆறு பக்கமும் 3 அங்குலம் வேண்டும், முன்பக்க நாப்கள் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே நாப் நுனியிலிருந்து 3 அங்குலம்.

வரிசை இப்படி: முன்மூடி இருந்தால் மாட்டுங்கள், இல்லாவிட்டால் நாப்களுக்கு மேலே கை வைத்தாலும் படாதபடி பிளைவுட் துண்டை ஃபோமின் மேல் கட்டுங்கள். பவர் கார்டைப் பின்புறம் சுருட்டாமல் தனியாக வையுங்கள், பிளக் பின்கள் பெட்டியைக் குத்திக் கிழிக்கும். கருவியை கனமான பாலிதீன் பையில் போட்டு, 250 கிராம் சிலிக்கா ஜெல் (வாணலியில் வறுத்து நீலம் திரும்பியது) உள்ளே வைத்து, வாயை டேப்பால் அடைக்க வேண்டும். பிறகு ஃபோம், அட்டைப்பெட்டி, அதற்கு வெளியே தேயிலைத் தொழிற்சாலையின் பல அடுக்குக் காகிதச் சாக்கு. காலிச் சாக்கு இங்கே சுலபமாகக் கிடைக்கும், மழையில் லாரி தார்ப்பாய் ஒழுகினாலும் தாக்குப்பிடிக்கும். லீனியர் பவர் சப்ளை என்றால் மூடியைத் திறந்து, டிரான்ஸ்ஃபார்மருக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே மரக்கட்டை ஒன்றை இறுக்கி வையுங்கள். மெல்லிய தகட்டில் நாலு போல்ட்டில் நிற்கும் அந்த எடை, ஒரே குலுக்கலில் தகட்டைக் கிழித்துக்கொண்டு பக்கத்துப் போர்டின் மேல் சாயும். கட்டை இருப்பதைப் பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக் கட்டிய 465 சுமார் 66×50×32 செ.மீ. வரும். கூரியரில் கன அளவை 5000-ஆல் வகுத்து எடை போடுவார்கள், 11 கிலோவுக்கு 21 கிலோ கட்டணம். பார்சல் சர்வீஸில் அதைவிடக் குறையும், ஆனால் மலையிலிருந்து ஏற்றிவிடும் பெட்டி குறைந்தது இரண்டு முறை வண்டி மாறும், ஒவ்வொரு மாற்றமும் ஒரு விழுகை. அதனால் மலை மேல் இருந்து நேராக அனுப்புவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. மேட்டுப்பாளையத்தில் கைமாற்றுவதுதான் இத்தனை நாளில் கண்ட நல்ல வழி. மண்டிக்கு கேரட், உருளைக்கிழங்கு ஏற்றிப்போகும் தெரிந்த பிக்கப் வண்டியில் டிரைவர் பக்கத்து சீட்டில் பெட்டி உட்கார்ந்து போகும், மூட்டைகளுக்கு மேலே மட்டும் வைக்கவிடாதீர்கள். சென்னைக்காரர் என்றால் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற்றிக்கொள்ளலாம், ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை, ஸ்கோப் கீழ் பெர்த்துக்கு அடியில் போய்விடும். கொடைக்கானல் பக்கத்தவர்களுக்கு இதே வேலையை வத்தலக்குண்டோ கொடை ரோடு ஸ்டேஷனோ செய்யும்.

வாங்குபவர் காரில் மேலேயே வந்தால் இன்னும் நல்லது, ஓட விட்டுப் பார்த்து எடுத்துக்கொள்வார். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெங்களூரிலிருந்து வருபவர் பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக முடியாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இறங்கும் வழியில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, பின் சீட்டில் கட்டாமல் வைத்த ஸ்கோப் மூன்றாவது வளைவிலேயே கீழே கிடக்கும். சீட் பெல்ட்டைக் கைப்பிடிக்குள் விட்டு இழுத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பெட்டியின் மேல் ஒட்ட வேண்டிய தாள், பெரிய எழுத்தில். ஊட்டியில் 12 டிகிரியில் கிடந்த கருவி, கீழே 32 டிகிரி புழுக்கத்தில் திறந்தால் நொடியில் வியர்த்துவிடும். 60 சதவீத ஈரப்பதத்தில் 23 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மேலும் நீர் படியும். ஹை வோல்ட்டேஜ் பகுதியில் அப்படிப் படிந்த நீரோடு ஸ்விட்ச் போட்டால் பொறி பறக்கும், அந்த வோல்ட்டை உண்டாக்கும் மல்ட்டிப்ளையர் போகும். ஆகவே தாளில் இருக்க வேண்டியவை: பாலிதீன் பையைப் பிரிக்காமல் ஒரு முழு இரவு அறையில் வைக்கவும். மரக்கட்டை இருந்தால் எடுக்கவும். வோல்ட்டேஜ் செலக்டர் 230, ஃப்யூஸ் மதிப்பு இவ்வளவு. லீனியர் சப்ளை என்றால் முதல் ஐந்து நிமிடம் சீரீஸ் பல்பில் ஓடட்டும்.