1857 கப்பல் தங்கம்: கட்டியா, காசா?

கலிஃபோர்னியா தங்க வேட்டைக் காலத்துப் பொருள் ஒன்று வாங்க வேண்டும், தனியார் வார்த்த கட்டியா, அரசு அடித்த 20 டாலர் காசா என்று குழம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். இரண்டுமே 1857 செப்டம்பர் புயலில் மூழ்கிய எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா கப்பலில் கிடைத்தவை.

யார் செய்தது: கட்டி, கெல்லாக் & ஹம்பர்ட், ஜஸ்ட் & ஹண்டர் மாதிரி, தங்கத்தின் மாற்று (தூய்மை) பார்க்கும் தனியார் நிறுவனங்கள். காசு, சான் ஃபிரான்சிஸ்கோ அரசு நாணயச்சாலை.

எடை: காசு எல்லாமே 33.4 கிராம், நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேல், ஆயிரத்துக்கு 900 மாற்று. கட்டியில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. வரிசை எண், அவுன்ஸ் எடை, மாற்று, அன்றைய டாலர் மதிப்பு எல்லாம் மேலேயே குத்தியிருக்கும், சோதனைக்கு வெட்டி எடுத்த மூலையும் அப்படியே தெரியும். எனக்கு அந்த வெட்டுதான் உயிர்.

விலை: 'யுரேகா' என்ற பெரிய கட்டி 2001இல் 80 லட்சம் டாலருக்குப் போனது. காசு எவ்வளவோ மலிவு, 1857-எஸ் (1857இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்தது) மட்டும் 5,000க்கு மேல் மீட்கப்பட்டது.

விற்பது: காசுக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும். கட்டிக்குக் காத்திருக்கணும், அப்புறம் போலிகளும் உண்டு, மீட்புப் பதிவில் அந்த வரிசை எண் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

முதல்முறை வாங்குகிறவர்களுக்குக் காசு போதும். கையில் நிறையப் பணமும் அந்தக் காலத்தின் மேல் தீராத ஆசையும் இருந்தால், சரி, சின்னதாக ஒரு கட்டி.