புள்ளி போனால் பொருளும் போச்சு: பழைய தமிழ் மருத்துவ, கிறிஸ்தவ பக்தி நூல்களின் மறுஅச்சுகள் வாங்கலாமா?

யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வெளிக்கொணர்ந்த மருத்துவ நூல்களும், 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி வந்த கிறிஸ்தவ பக்தி நூல்களும் பெரும்பாலும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். மிஷன்களின் உழைப்பில் பிறந்து, மிஷன் ஆவணக் காப்பகங்களில் பிழைத்துக் கிடந்தவை இவை. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த கிரண்ட்லர் 1711இல் தமிழ் மருத்துவம் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய கையெழுத்துப் படியும், அந்த மிஷனின் ஜெப நூல்களும் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஒரே காப்பகத்துக்குப் போனது இப்படித்தான்.

இவ்வகை நூல்கள் இன்று மூன்று உருவில் கிடைக்கின்றன. பழைய பக்கத்தைப் படமெடுத்து அப்படியே அச்சடித்த நிழற்படப் பதிப்பு ஒன்று. ஆர்டர் வந்தபின் ஒரு படி மட்டும் அடித்து அனுப்பும் நிறுவனங்கள் விற்பவை பெரும்பாலும் இவையே. அடுத்தது, புதிதாகத் தட்டச்சு செய்து இன்றைய எழுத்தில் கோத்த பதிப்பு. மூன்றாவது, இணைய நூலகங்களில் இருக்கும் இலவச ஸ்கேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முதலில் ஸ்கேனைத் தேடுங்கள். பதிப்பாசிரியர் பெயரும், எந்த ஆண்டுப் படியை வைத்துக் கோத்தார் என்ற குறிப்பும் இருந்தால் மட்டும் தட்டச்சுப் பதிப்பை வாங்குங்கள். நிழற்படப் பதிப்பு, படங்கள் இல்லாத மெலிந்த நூலுக்கு மட்டும் போதும்.

நிழற்படப் பதிப்பில் நம்மை ஏமாற்றுவது அதன் சுத்தம். பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழுப்பேறிய தாளைச் சாம்பல் நிறத்திலோ வண்ணத்திலோ எடுக்காமல், கறுப்பு வெள்ளை இரண்டே நிறமாக மாற்றியிருப்பார்கள். பிறகு தாளின் கறைகளை நீக்கக் கணினியில் ‘தூசி நீக்கம்’ ஓட்டுவார்கள். ஆங்கில நூலில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் கணினிக்குத் தூசிதான். ‘கல்’ ‘கல’ ஆகும். பின்பக்க மை ஊறி வந்த தாளில் இதற்கு நேர்மாறாக, இல்லாத இடத்தில் புள்ளி முளைக்கும். விற்பனைப் பக்கத்தில் காட்டும் மாதிரிப் பக்கத்தைப் பெரிதாக்கி, ஒரே வரியில் வரும் ‘ன்’, ‘ம்’, ‘ர்’ மூன்றையும் பாருங்கள். ஒன்றில் புள்ளி நின்று மற்றொன்றில் போயிருந்தால் அந்தப் பதிப்பு வேண்டாம்.

மூலத்திலேயே புள்ளி இல்லாமல் இருப்பது வேறு விஷயம். 16ஆம் நூற்றாண்டு அச்சில் புள்ளி வைக்கவில்லை. எ–ஏ, ஒ–ஓ வேறுபாடும் கிடையாது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே உருவம். அத்தகைய நூலை நிழற்படமாக மட்டும் வாங்கினால், ஓலைச்சுவடிப் பழக்கம் இல்லாதவர் பத்து வரியில் களைத்துப்போவார். எதிர்ப்பக்கத்தில் இன்றைய எழுத்தில் வாசகம் தந்த பதிப்பே அதற்குச் சரி. ‘தம்பிரான் வணக்கம்’ மொத்தமே 16 பக்கம், அதனால் இப்படிச் செய்வது பெரிய வேலையும் அல்ல. அதன் கடைசிப் பக்கத்தில் கோவாவில் வார்த்த எழுத்தும் கொல்லத்தில் வார்த்த எழுத்தும் காட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் படம் இல்லாத மறுஅச்சு, தமிழ் அச்சுக்கலையின் தொடக்கச் சான்றையே விட்டுவிட்டது என்று பொருள்.

மருத்துவ நூலுக்கு வந்தால், எண்களில்தான் ஆபத்து இருக்கிறது. தட்டச்சுப் பதிப்பு எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். தமிழ் எண் ௧ பார்வைக்குக் ககரம், ௨ உகரம், ௭ எகரம், ௮ அகரம், ௰ யகரம். பக்கப் படத்திலிருந்து எழுத்தை அடையாளம் கண்டு தட்டச்சாக்கும் எழுத்துணரி மென்பொருள் இவற்றை எழுத்தாகவே எடுக்கும். ‘௰௨ வராகனெடை’ என்றால் 12 வராகனெடை (வராகனெடை ஒரு பழைய எடை அளவு). மென்பொருள் ‘யஉ’ என்று தரும், அவசரத் தட்டச்சர் பொருள் புரியாமல் அதை நீக்கிவிடுவார், மருந்தின் பெயர் மட்டும் அளவில்லாமல் நிற்கும். ‘௨௰’ என்பது இருபது. இடமதிப்பு முறை தெரிந்து பழைய முறை தெரியாதவர் இதை 210 என்று மாற்றிவிடக்கூடும். பத்து மடங்குக்கும் மேல் பிழை!

இதற்கு அடுத்தது கிராம் கணக்கு. சில பதிப்பாசிரியர்கள் நல்லெண்ணத்தோடு அடைப்புக்குறிக்குள் கிராம் சேர்க்கிறார்கள். பழைய வாய்பாட்டில் 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி, 2 மஞ்சாடி ஒரு பணவெடை, 8 பணவெடை ஒரு வராகனெடை, 10 வராகனெடை ஒரு பலம். அதாவது 32 குன்றிமணி ஒரு வராகனெடை. குன்றிமணியை 130 மில்லிகிராம் என்று வைத்துப் பெருக்கினால் வராகனெடை 4.16 கிராம், பலம் 41.6 கிராம். ஆனால் பலம் 35 கிராம் என்றே இன்று பரவலாகக் கொள்கிறார்கள். கீழிருந்து ஏறினால் ஒரு விடை, மேலிருந்து இறங்கினால் வேறு விடை, இடையே ஆறரை கிராமுக்கு மேல் வித்தியாசம். ஒரே நூலுக்குள் வராகனெடையை ஒரு வழியிலும் பலத்தை இன்னொரு வழியிலும் மாற்றிப் போட்டால், மருந்துச் சரக்குகளின் விகிதமே குலையும். ஆகவே மூல அளவை அப்படியே விட்டு, வாய்பாட்டைப் பின்னிணைப்பாகத் தந்த பதிப்புதான் நம்பத்தக்கது. கிராம் மட்டும் தந்து மூல அளவை மறைத்த பதிப்பை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

கிறீனின் நூல்கள் மேற்கத்திய மருத்துவத்தைச் சேர்ந்தவை. ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) எல்லாம் ஆங்கிலப் பாடநூல்களின் தமிழாக்கம். ‘மனுஷ அங்காதிபாதம்’ கிரேயின் உடற்கூற்று நூல். இவற்றைப் படிப்பவர் ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கேயும் அளவுக் குறிகள் காலை வாரும். அந்தக் கால மருந்துச் சீட்டில் திராம் என்ற எடையின் குறி 3 என்ற எண்ணைப் போலவே இருக்கும், அவுன்ஸ் குறி அதன் தலையில் ஒரு கொம்பு சேர்ந்தது. குறிக்குப் பின் வரும் ரோமன் எண்தான் அளவு. குறியை எண்ணாக எடுத்த மறுபதிப்பில் 2 திராம், 3 ஆகும், 32கூட ஆகும். இன்னொன்று: 20 கிரெயின் ஒரு ஸ்குருப்பிள், 3 ஸ்குருப்பிள் ஒரு திராம், 8 திராம் ஒரு அவுன்ஸ் என்ற பழைய கணக்கில் அவுன்ஸுக்கு 480 கிரெயின், அதாவது 31.1 கிராம். 1864இல் வந்த பிரிட்டிஷ் மருந்துத் தொகுப்பு 437.5 கிரெயின் அவுன்ஸுக்கு மாறிவிட்டது. அது 28.35 கிராம். கையிலிருக்கும் ஆங்கிலப் பதிப்பு 1864க்கு முந்தியதா பிந்தியதா என்று பார்க்காமல் ஒப்பிட வேண்டாம்.

எந்த நூலை எடுத்தாலும் முதலில் தேட வேண்டியது ‘பிழை – திருத்தம்’ பக்கம். பழைய அச்சகத்தார் ஈய எழுத்தைக் கோத்து, அடித்து முடித்தபின் கண்ட தவறுகளைக் கடைசியில் பட்டியலிட்டார்கள். அளவுத் தவறுகள் அங்கேதான் திருத்தப்பட்டிருக்கும். நிழற்படக்காரர் அதை ‘கடைசியில் ஏதோ ஒரு தாள்’ என்று விட்டுவிடுவதும், தட்டச்சுக்காரர் பட்டியலை உள்ளே ஏற்றாமல் பழைய பிழையையே மறுபடி அடிப்பதும் சாதாரணம். திருத்தங்களை வாசகத்தில் ஏற்றி, ஏற்றிய இடங்களை அடிக்குறிப்பில் சொன்ன பதிப்பு கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கலாம்.

உடற்கூற்றுப் படங்கள்: மடிப்புத் தாளை விரிக்காமலே ஸ்கேன் செய்வது, நுணுக்கமான கோடுகளைக் கறுப்புத் திட்டாக்குவது, படத்தின் குறியெழுத்துகள் படிக்க முடியாதபடி சுருக்குவது, மூன்றும் சகஜம். படத்தில் ‘அ’ எங்கே என்று தெரியாவிட்டால் எதிரே உள்ள விளக்கம் வீண். கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வேண்டும். எழுத்துக்கு 300 போதும்.

பக்தி நூல்களில் உயிருக்கு ஆபத்து இல்லை என்பதாலோ என்னவோ, அங்கே கைவைப்பது இன்னும் தாராளமாக நடக்கிறது. பழைய சொல்லை இன்றைய சொல்லாக மாற்றுவதுதான் முதல் குற்றம். ‘தம்பிரான்’ என்று ‘தம்பிரான் வணக்க’த்தைத் தந்த அண்டிரிக் அடிகள் வைத்த சொல், கத்தோலிக்க வழக்கில் நெடுங்காலம் நின்ற ‘சர்வேசுரன்’, பைபிளைத் தமிழாக்கிய பப்ரிசியுஸ் வழியில் வந்த ‘பராபரன்’, 1871இன் ஐக்கியத் திருப்புதல் என்ற பைபிள் மொழிபெயர்ப்பில் வரும் ‘தேவன்’ ஆகிய நான்கும் நான்கு சபை வரலாறுகள். எல்லாவற்றையும் ‘கடவுள்’ ஆக்கிவிட்டால் நூல் எந்தக் காலத்தது, எந்தச் சபையினர் கையில் இருந்தது என்பதே தெரியாமல் போகும். ‘இஸ்பிரீத்து சாந்து’ போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது. அதைத் ‘தூய ஆவி’ ஆக்கினால் அந்தத் தடயமும் அழியும். ‘பூசை’யைத் ‘திருப்பலி’ ஆக்குவதும் அப்படியே. வழிபாட்டில் பயன்படுத்த அச்சிட்டால் மாற்றட்டும், தவறில்லை. முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். அந்த ஒரு வரிதான் பல பதிப்புகளில் இருப்பதில்லை.

செய்யுள் நூல் வாங்குவோர் எண்ணிப் பார்க்க எளிய வழி உண்டு. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். கடைசிப் பாடலின் எண் மட்டும் பார்த்தால் போதாது, ஒவ்வொரு படலத்தின் எண் தொடர்ச்சியையும் பாருங்கள். சந்தி பிரித்து அடித்த பதிப்பு படிக்க இதமாக இருக்கும், ஆனால் சீர் உடையும். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) போன்ற காவியத்தை வாய்விட்டுப் பாட விரும்புகிறவருக்குப் பிரிக்காத பாடமும் பிரித்த பாடமும் இரண்டும் உள்ள பதிப்பே ஏற்றது.

கட்டமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பசை மட்டும் போட்ட அட்டை, 500 பக்கத்துக்கு மேல் போனால் முதுகு வெடிக்கும். பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் தொகுதிகளாகத் தைத்த கட்டு வேண்டும். உள் ஓரத்தில் எழுத்து முதுகுக்குள் புதைந்திருக்கிறதா என்று நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். தடித்த மூலத்தைச் சிறிய அளவில் சுருக்கினால் அடிக்குறிப்பு படிக்க முடியாது.

இனி இலவச ஸ்கேன். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் திட்டம், தமிழக நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இரண்டிலும் இல்லாதவற்றுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற வரிசையில் தேடலாம். கிடைக்கவில்லை என்று பலர் திரும்பிவிடுவது சொல்லால்தான். ‘உடற்கூறியல்’ என்று தேடினால் ‘அங்காதிபாதம்’ வராது. உடலியங்கியல் அன்று ‘சுகரணம்’. அறுவை மருத்துவம் ‘இரண வைத்தியம்’, அதுவும் சில பட்டியல்களில் ‘ரண வைத்தியம்’. ஆசிரியர் பெயர் ‘கிறீன்’, ‘கிரீன்’ என இரண்டு விதம். ஜெபம்–செபம், ஜெபமாலை–செபமாலை, கிறிஸ்து–கிரிஸ்து என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். உள்ளடக்கத் தேடலையும் நம்ப வேண்டாம். தமிழகத்தில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ‘லை’, ‘ணை’, ‘றா’, ‘னா’ வடிவங்களில் எழுத்துணரி தடுக்கி விழும். பக்கங்களைப் புரட்டித்தான் தேட வேண்டும்.

ஸ்கேன் கிடைத்ததும் தலைப்புப் பக்கத்தில் ஆண்டும் அச்சகமும் இருக்கிறதா என்று பாருங்கள். பொருளடக்கத்தின் கடைசிப் பக்க எண்ணும் நூலின் கடைசிப் பக்க எண்ணும் பொருந்துகின்றனவா, இடையில் ஒரே பக்கம் இரண்டு முறை வந்து அடுத்தது விடுபட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். கைவிரல் படிந்த பக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து வாங்கும் நிழற்படப் பதிப்பு பல சமயம் இதே ஸ்கேனிலிருந்து அடித்ததுதான். அதே விரலும் அதே விடுபட்ட பக்கமும் தாளில் வரும்.

மருத்துவ நூலில் உள்ள மருந்து எதையும் உட்கொள்ளப் பார்க்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டு மேற்கத்திய மருத்துவம் கலோமல் என்ற பாதரச உப்பையும், டார்ட்டார் எமெட்டிக் என்ற ஆன்டிமனி உப்பையும், ஈய உப்புகளையும் தாராளமாகக் கொடுத்தது. வாசகம் துல்லியமாக இருந்தாலும் மருந்து நஞ்சுதான். இதை முன்னுரையில் எச்சரிக்காத தட்டச்சுப் பதிப்பு மருத்துவம் அறிந்த ஒருவர் கண்ணில் படாமலே அச்சேறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கத் தீர்மானித்துவிட்டால் விற்பவருக்கு மூன்று கேள்வி எழுதுங்கள்: எந்த ஆண்டுப் படியிலிருந்து எடுத்தது, மொத்தம் எத்தனை பக்கம், பிழை – திருத்தப் பக்கம் சேர்ந்திருக்கிறதா. மூன்றுக்கும் எண்ணோடு பதில் வந்தால் ஆர்டர் போடலாம். ‘ஒரிஜினல் மாதிரியே இருக்கும்’ என்ற பதில் வந்தால் ஸ்கேனை இறக்கி, வேண்டிய பக்கங்களை மட்டும் வீட்டிலேயே அச்சடித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.