பெட்டியில் படம் இல்லாத ஜிக்சா புதிர்

ஜிக்சா புதிரில் மூடியில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் துண்டுகளைச் சேர்ப்போம். நான் வாங்கிய பெட்டியில் அந்தப் படம் இல்லை. சாம்பல் நிற மூடி, உள்ளே ‘1000 துண்டுகள்’ கொண்ட ஒரு பை, முடிவுப் படத்தை வைத்து ஒட்டிய ஓர் உறை, அவ்வளவுதான். அம்மாவின் மருத்துவப் பரிசோதனை முடிவுக்காக வீட்டில் எல்லோரும் காத்திருந்த நாட்களில், சும்மா இருந்தால் கைபேசியையே தேடிப் போகும் கைகளுக்கு வேறு வேலை வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன்.

காத்திருப்பு ஏன் அவ்வளவு வாட்டுகிறது என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஓரளவு விளக்குகிறது. கணினி விளையாட்டில் வரும் பாறையின் அடியில் பாம்பு இருக்குமா என்று 45 பேர் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்அதிர்ச்சி கிடைக்கும். அதிர்ச்சி நிச்சயம் என்றிருந்த நேரத்தைவிட, வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் அவர்களின் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது.

முதல் நாள் மாலை அந்த உறையைத்தான் நான்கைந்து முறை கையில் எடுத்தேன். பிறகு ஓரத் துண்டுகளைப் பிரித்தேன், மொத்தம் 126. சட்டம் முடிந்தபோது நீளத்தில் 38, அகலத்தில் 27 வரிசைகள் இருந்தன. அப்படியானால் உள்ளவை 1000 அல்ல, 1026. அதற்குப் பிறகு வழிகாட்ட எதுவும் இல்லை. படம் கையில் இருந்தால் ‘இது எங்கே போகும்’ என்று மட்டும் கேட்கும் மனம், படம் இல்லாதபோது ‘இது என்னவாக இருக்கும்’ என்று கேட்கத் தொடங்குகிறது. மெல்லிய வெள்ளைக் கோடு ஓடிய நீலத் துண்டுகளை அலை என்று நம்பி நான்கு நாட்கள் கடலைக் கட்டினேன். ஐந்தாம் நாள் அதன் நடுவில் ஒரு பித்தான் வந்து பொருந்தியது. கடல் என்று நினைத்தது யாரோ ஒருவரின் சட்டை! ஊகம் தவறிப்போனதில் எனக்கு வருத்தமே வரவில்லை. அந்தச் சட்டைக்காரர் யார், எங்கே நிற்கிறார் என்று அறியும் ஆவலில் அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன். கைபேசி அடுத்த அறையில் கிடந்ததைக் காலையில்தான் கவனித்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். துண்டுகளின் வெட்டு தளர்வாக இருப்பதால் தவறான துண்டும் சில இடங்களில் சரியாக அமர்ந்துவிடுகிறது. படமுள்ள புதிரில் இது சிறிய குறை. இங்கேயோ பொருத்தம் ஒன்றுதான் நமக்கிருக்கும் சான்று என்பதால், அதை நம்ப முடியாமல் போவது பெரிய குறை. தெரியாமையோடு இருக்கப் பழகுவதற்கும், தயாரிப்பாளரின் கவனக்குறைவால் குழம்புவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. கூடவே வரும் தாள் ‘பதற்றத்தைப் போக்கும்’ என்று உறுதி கூறுவதும் மிகை. என் பதற்றம் போகவில்லை, அதன் பக்கத்தில் இன்னொன்றும் உட்கார இடம் கிடைத்தது.

பொறுமை குறைந்தவர்கள் 500 துண்டுப் பெட்டியில் தொடங்கலாம். வாங்கியதும் உறையை வேறொருவரிடம் கொடுத்து வைத்துவிடுங்கள். நீலச் சட்டைக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.