போன்வில் ஸ்பீட் வீக்: ஓடுபாதை ஓரத்தைவிட ஸ்டார்ட் லைனில் நில்லுங்கள்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் போன்வில் உப்புவெளியில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஸ்பீட் வீக்கை மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு வந்தேன். போகலாமா என்று கேட்டால், கண்டிப்பாகப் போகலாம். ஆனால் வழக்கமான கார் பந்தயம் மாதிரி நினைத்துப் போனால் முதல் ஒரு மணி நேரத்திலேயே சப்பென்று ஆகிவிடும். இங்கே யாரும் யாரையும் முந்துவதில்லை, ஒரு வண்டி தனியாகக் கிளம்பி நேர்க்கோட்டில் பல மைல் ஓடும், அந்தந்த மைலை எவ்வளவு நேரத்தில் கடந்தது என்று கணக்கெடுப்பார்கள், அது ஒதுங்கிய பிறகு அடுத்தது வரும். 1949-இலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

முதல் நாள் நான் செய்தது ஓடுபாதை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தது. பாதுகாப்புக்காகச் சில நூறு மீட்டர் தள்ளித்தான் நிறுத்துகிறார்கள், அதனால் வண்டி கானல் நீருக்குள் ஒரு புள்ளியாகத் தெரிந்து, சத்தமே இல்லாமல் பெரிதாகி, நமக்கு நேராக வந்து கடந்துபோகிறது, அதற்கு அப்புறம்தான் இன்ஜின் சத்தம் வந்து மோதுகிறது. மணிக்கு 300 மைல் என்றால் ஒரு மைலைக் கடக்க 12 நொடி. 400 மீட்டர் தள்ளி நிற்கும் நம் காதுக்குச் சத்தம் வந்துசேர்வதற்குள் வண்டி 150 மீட்டருக்கு மேல் போயிருக்கும். பைனாகுலரோடு இதை ஒரு நாலைந்து தடவை பாருங்கள், போதும். அப்புறம் எழுந்து ஸ்டார்ட் லைனுக்குப் போய்விடுங்கள்.

உண்மையான ஸ்பீட் வீக் அங்கேதான் இருக்கிறது. பெல்ட்டை இறுக்குவது, ஹெல்மெட்டைச் சரிபார்ப்பது, ஓட்டுநர் உட்காரும் இடத்தின் மூடியைப் பூட்டுவது எல்லாவற்றையும் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். கியர் விகிதம் உச்ச வேகத்துக்காக அமைத்தது என்பதால் பல வண்டிகளால் தானாகக் கிளம்ப முடியாது, பின்னால் ஒரு டிரக் முட்டித் தள்ளிக்கொண்டே போய், வேகம் பிடித்ததும் ஒதுங்கிக்கொள்ளும். அந்த நேரம் குழுவினரின் முகத்தைப் பாருங்கள். வருஷம் முழுக்க ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை அது. பரிசுப் பணத்துக்காக இங்கே யாரும் வருவதில்லை.

வண்டிகளைத் தயார்செய்யும் பிட் பகுதியிலும் தாராளமாக நடக்கலாம். இரண்டாம் உலகப் போர் விமானங்களின் கூடுதல் எரிபொருள் டேங்குக்குள் இன்ஜினை வைத்துக் கட்டிய லேக்ஸ்டர்கள், ஊசி மாதிரி நீண்ட ஸ்ட்ரீம்லைனர்கள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். கேள்வி கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறார்கள், கையில் ஸ்பானரோடு குனிந்திருக்கும்போது மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள். எனக்கு ஒருவர் வண்டியின் வேகத்தைக் குறைக்க விரியும் பாராசூட்டை மடிக்கும் விதத்தைப் பொறுமையாகக் காட்டினார்.

காலையில் சீக்கிரம் போவது முக்கியம், வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. இருக்கும் சாதனையை ஒரு வண்டி தாண்டிவிட்டால் அதைத் தனியாக ஓர் இடத்தில் நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை அது இன்னொரு தடவை ஓட வேண்டும், இரண்டின் சராசரியும் பழைய சாதனையைத் தாண்டினால்தான் கணக்கு. ஆக, சாதனைகள் உறுதியாவது காலையில்தான். பத்து மணிக்குச் சாவகாசமாக வருகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

இப்போது வெயில். 1,280 மீட்டர் உயரம், ஒரு மரம் கிடையாது, தரை முழுக்க வெள்ளை. மேலிருந்து அடிப்பது பாதிதான், மீதி கீழிருந்து வருகிறது. தொப்பி போட்டிருந்தும் என் தாடைக்கு அடியிலும் காது மடலின் கீழும் தோல் உரிந்துவிட்டது. சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியில், முழங்காலுக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் பூசுங்கள். முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ, கறுப்புக் கண்ணாடி, நிழலுக்கு நல்ல பெரிய குடை, அதைக் காற்று தூக்காமல் இருக்கக் கட்டுக் கயிறு. தண்ணீர் ஆளுக்கு நாலு லிட்டராவது வேண்டும். குழந்தைகளை அழைத்துப் போனால் மதியத்தோடு திரும்பிவிடுங்கள், காதடைப்பானும் வாங்கிக்கொடுங்கள்.

கார் விஷயம். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து உப்பின் மேல்தான் ஓட்ட வேண்டும். குறியிட்ட வழியை விட்டு விலகாதீர்கள், ஓரங்களில் மேலே உப்பு மெல்லியதாக இருக்கும், கீழே சேறு. ஓடுபாதையை எந்தக் காரணத்துக்கும் குறுக்கே கடக்கக் கூடாது. சாயங்காலம் சக்கர வளைவுக்குள் உப்பு கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும், அன்றைக்கே அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள், வாடகைக் காராக இருந்தாலும்.

தங்க வெண்டோவர் என்ற ஊர்தான் பக்கம், சால்ட் லேக் சிட்டி என்றால் 190 கிலோமீட்டர். அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாக மட்டும் பாருங்கள். உப்பு ஈரமாக இருந்தால் பந்தயமே கிடையாது. 2014, 2015, 2022 மூன்று வருஷமும் ரத்தானது. கிளம்புவதற்கு முந்தின நாள் வரை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.